இளைப்பாறும் இடம்

முன்னாளில் தமிழ்நாட்டு வீடுகள் பலவற்றின் முகப்பில் திண்ணை இருந்தது. வழிப்போக்கர் களைப்பாறும் பொருட்டு அமைந்த அது, வீட்டிலுள்ள முதியோருக்கும் உரிய இடமாயிற்று. காற்றும் ஒளியும் அங்கே தடையின்றி வந்தன. தெருவில் செல்வோரின் பேச்சு தனிமையைப் போக்கியது. வீடுகள் நெருங்கி இடம் சுருங்கிய பின்னர்த் திண்ணை அருகிவிட்டது. முதியவரின் கட்டிலோ, பல வீடுகளில் ஒளி குறைந்த பின்னறைக்குச் சென்றது.

உடல் தளர்ந்தவர்க்கு நற்காற்றும் ஒளியும் தூய்மையும் அமைதியும் மருந்தை ஒத்தவை. செவிலியர் தொண்டுக்குப் புதுநெறி வகுத்த பிளாரன்சு நைட்டிங்கேல் அம்மையார், 1859ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலில் இவற்றையே வலியுறுத்தினார். அந்நூல் மருத்துவமனைச் செவிலியர்க்கென எழுதப்பட்டதன்று. இல்லத்தில் பிறர் உடல்நலம் பேணும் மகளிர்க்காகவே எழுதப்பட்டது. ஆதலின், கட்டிலைச் சன்னலருகே இடுதலே முதற்பணியாகும்.

முதுமையில் உடல் அடையும் மாற்றங்களை அறிந்து பிறவற்றை அமைத்தல் வேண்டும். கண்ணின் வில்லை மஞ்சள் பாரிப்பதால் உட்புகும் ஒளி குறைகிறது. இளைஞர்க்குப் போதிய வெளிச்சம் முதியவர்க்குப் போதாது. எனவே, கட்டிலிலிருந்து கழிவறை வரையில் இரவு முழுவதும் சிறுவிளக்கு எரிதல் நன்று. படுத்திருப்பவர் விரைந்து எழுந்தால் குருதியழுத்தம் தாழ்ந்து தலை சுற்றக்கூடும். கட்டில் விளிம்பில் சிறிது நேரம் அமர்ந்த பின்னரே எழ வேண்டும். அவ்வாறு அமரும்போது பாதங்கள் தரையில் நன்கு பதியுமாறு கட்டிலின் உயரம் இருத்தல் வேண்டும். கழிவறைச் சுவரில் பற்றிக்கொள்ளக் கைப்பிடியும், வழுக்காத தரையும் தேவை.

இவ்வளவும் செய்த வீட்டிலும் அமைதி நிலவாமல் போகலாம். தாமாகப் புரள இயலாத முதியவரை ஏறத்தாழ 2 மணி நேரத்திற்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைத்தல் வேண்டும். தவறினால் ஒரே இடத்தில் அழுத்தம் பட்டுப் படுக்கைப்புண் உண்டாகும். அங்ஙனமாயின் ஒரு நாளைக்கு 12 முறை. அவற்றுள் நான்கு முறை ஊர் உறங்கும் வேளையில் அமையும். இதனைச் செய்பவர் யார்? பெரும்பாலும் மகளோ, மருமகளோ, தாமும் மூப்படைந்த மனைவியோதான். உறக்கம் இழந்து, முதுகு வலியோடு அவர் பெருமூச்செறிந்தால், அவ்வோசை கட்டிலில் இருப்பவர் செவியில் விழும். பின்னர் அம்முதியவர் தாகம் எடுத்தாலும் தண்ணீர் கேட்கத் தயங்குவார். தாம் பிறர்க்குச் சுமையாகிவிட்டோம் என்னும் எண்ணம் நோயினும் கொடியதன்றோ?

ஆதலால், பேணுபவர்க்கும் அவ்வறையில் இடம் வேண்டும். கட்டிலைச் சுவரோடு ஒட்டாமல், இருபுறமும் நின்று பணிசெய்யுமாறு இட்டால், அவர் எட்டிக் குனிய நேராது. மருந்தும் துணியும் இடுப்பளவு உயரத்தில் இருத்தல் நன்று. அருகில் முதுகு சாயும் நாற்காலி ஒன்றும், முதியவரின் கைக்கெட்டும் தொலைவில் மணி ஒன்றும் இருப்பின், பேணுபவர் அச்சமின்றிச் சிறிது கண்ணயரலாம். இவற்றோடு, கட்டில் கண்ணிற்படாத வேறொரு மூலையும் அவர்க்கு உரியதாதல் வேண்டும்.

அம்மூலையில் அவர் ஓய்ந்திருக்கும்போது முதியவரைப் பார்த்துக்கொள்பவர் யார்? 2007ஆம் ஆண்டில் இந்தியாவில் இயற்றப்பட்ட சட்டம் ஒன்று, முதிய பெற்றோர்க்கு உணவு, உடை, உறைவிடம், மருத்துவம் ஆகியவை கிடைக்கச் செய்வதைப் பிள்ளைகளின் கடமையாக்கியது. பணியைப் பகிர்ந்துகொள்ளும் கடமையையோ வீட்டாரே தமக்கு விதித்துக்கொள்ள வேண்டும். மகனும் இரவில் எழலாம். பள்ளியிலிருந்து திரும்பிய பேரப்பிள்ளை, மாலையில் ஒரு மணி நேரம் பாட்டியின் அருகே அமர்ந்து செய்தித்தாள் படித்துக் காட்டலாம். அந்த ஒரு மணி நேரம் தாய் உறங்குவார். மருமகள் உறங்குகிறார் என்பதை அறிந்து பாட்டியும் மனம் ஆறுவார். அப்போது, திண்ணை இல்லாத அவ்வீட்டிலும் இருவர் இளைப்பாற இடம் உண்டாகும்.