ஒலியோடு ஒலி சேர்ந்தால் சத்தம் குறையுமா?

குறையும் என்றால் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் நம்புவதில்லை. கரும்பலகையில் அலை வரைந்து காட்டினாலும் தலையாட்டுவார்கள், அவ்வளவுதான். ஆகவே பழைய வானொலியிலிருந்து கழற்றிய 4 அங்குல ஸ்பீக்கரை வகுப்புக்கு எடுத்துச் செல்கிறேன். பேட்டரியில் இயங்கும் சிறு ஆம்ப்ளிஃபயரோடு இணைத்து (வீட்டு மின்சாரம் வேண்டவே வேண்டாம்) தவில் பதிவை ஒலிக்கவிட்டால், தகர டப்பாவைத் தட்டுவதுபோலக் கேட்கும். கூம்பு முன்னே காற்றை அழுத்தும்போது பின்னே காற்று தளர்கிறது. இரண்டும் விளிம்பைச் சுற்றிவந்து ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன.

அடுத்து, 60 செ.மீ. சதுர ஒட்டுப்பலகையில் துளையிட்டு, ஸ்பீக்கரை இடைவெளியின்றிப் பொருத்துகிறோம். தவிலின் கனம் திரும்பிவிடும்! பின்னலை முன்னே வர இப்போது ஏறத்தாழ 60 செ.மீ. சுற்ற வேண்டும். அதை அரை அலைநீளமாகக் கொண்டால், ஒலியின் வேகம் நொடிக்கு 340 மீ. என்பதால், அதிர்வெண் சுமார் 280 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே போகப்போக ஒலி மெலியும். 100 ஹெர்ட்ஸுக்கு எவ்வளவு பெரிய பலகை வேண்டும்? பிள்ளைகளே கணக்கிடட்டும், விடை கரும்பலகையைவிட உயரமாக வரும்.

துளையை நட்டநடுவில் போடாமல் சற்று விலக்கிப் போடுங்கள். எல்லாப் பக்கமும் ஒரே தூரமானால் 570 ஹெர்ட்ஸ் அருகே ஒலியில் பள்ளம் விழும்.

பிறகு ஒவ்வொருவராகப் பலகையைச் சுற்றி நடக்கவிடுகிறேன். முன்னும் பின்னும் நன்றாகக் கேட்கும் தவில், பலகையின் ஓரத்துக்கு நேரே காது வரும்போது அமுங்கிப்போகும். அங்கேதான் எல்லோரும் இரண்டாம் முறை நடக்கக் கேட்கிறார்கள்.