மீன் தொட்டிக் கண்ணாடியில் உப்புக் கறை: கத்திரிக்கு முன் செய்ய வேண்டியவை

மீன் தொட்டியின் நீர்மட்டத்தையொட்டிக் கண்ணாடியில் படியும் வெள்ளைக் கோடு அழுக்கு அல்ல, சுண்ணாம்பு. போர் தண்ணீரில் கரைந்துள்ள கால்சியம், மக்னீசியம் உப்புகள் நீரோடு ஆவியாவதில்லை. தண்ணீர் வற்ற வற்றக் கண்ணாடியிலேயே தங்கி இறுகுகின்றன. குடிநீருக்கு இந்தியத் தரநிலை ஏற்கும் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம், வேறு வழியில்லாதபோது 600. குடத்தில் வெள்ளை பூக்கும் தண்ணீர் தொட்டியிலும் பூக்கும். பங்குனி வெயிலில் மட்டம் வேகமாக இறங்குவதால், கறை மெல்லியதாக இருக்கும்போதே எடுத்துவிடுவது நல்லது.

ஃபில்டர், ஹீட்டர் இரண்டையும் நிறுத்த வேண்டும். மீன்களைத் தொட்டித் தண்ணீரோடு வாளிக்கு மாற்றி, ஏர் ஸ்டோன் போட்டு, மூட வேண்டும். தொட்டித் தண்ணீரை எடுத்து வைத்து, தொட்டியைக் காலி செய்து, வெள்ளை வினிகரில் நனைத்த துணியைக் கறைமேல் கால் மணி நேரம் ஒட்டி வைத்தால் சுண்ணாம்பு நுரைத்து இளகும். மிச்சத்தைச் சவர பிளேடைச் சாய்த்துப் பிடித்துச் சுரண்டலாம். மூலைகளின் சிலிகான் பசையில் பிளேடு படக்கூடாது. அக்ரிலிக் தொட்டிக்கு பிளேடும் கம்பி நாரும் ஆகவே ஆகாது. பிறகு வினிகர் வாடை போகும்வரை அலச வேண்டும்.

கழிவறை கழுவும் ஆசிடைத் தொட்டிப் பக்கமே கொண்டுவரக் கூடாது. மீன்களைக் கூட்டமாகக் கொல்லக்கூடியது கறை அல்ல, இந்த ஆசிட்தான். அது சுண்ணாம்பைக் கரைப்பதோடு நிற்பதில்லை. தண்ணீரின் காரத்தன்மையையும் தின்றுவிடும். அமில அளவு திடீரென ஏறும், கரியமில வாயு பெருகும், மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கும். 'ஒரு மூடிதானே, நன்றாகக் கழுவிவிட்டோமே' என்பது வழக்கமான சமாதானம். ஆனால் ஆசிடில் கலந்துள்ள சோப்புப் பொருள் சிலிகான் இடுக்கில் தங்கிவிடும். காலித் தொட்டியிலும் ஆசிட் வேண்டாம். அதோடு பிளீச்சிங் பவுடரைச் சேர்த்தால் கிளம்பும் குளோரின் வாயு வீட்டாரையும் தாக்கும். மீன் உள்ளே இருக்கும்போது வினிகரையும் ஊற்றக் கூடாது, அதுவும் அமிலமே.

ஃபில்டர் பஞ்சைக் குழாய் நீரில் அலசாமல், எடுத்து வைத்த பழைய தொட்டித் தண்ணீரில் கொஞ்சத்தைத் தனியே ஊற்றி அதில் பிழிய வேண்டும். திரும்ப நிரப்பும்போது பாதிக்கு மேல் மீதமுள்ள பழைய தண்ணீராக இருக்கட்டும். உப்பு நீருக்குப் பழகிய மீனை ஒரேயடியாக ஆர்.ஓ. நீரில் விட்டால் தாங்காது. மெட்ரோ தண்ணீரானால் குளோரின் நீக்கி சேர்க்க வேண்டும்.

இனி வற்றும் அளவை மட்டும் தினமும் கொஞ்சமாக ஆர்.ஓ. நீராலோ, சேமித்த மழைநீராலோ ஈடுகட்டலாம். வாரம் கால் பங்கு தண்ணீரை மாற்றாவிட்டால் தொட்டிக்குள் உப்பு குறையாது. கண்ணாடி மூடி ஆவியாவதைக் குறைக்கும். அதில் தெறிக்கும் துளிகளை மறுநாளே ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

வினிகருக்கும் பிளேடுக்கும் அசையாத மங்கல் கறையல்ல, கண்ணாடியே அரிபட்ட தடம். அதைத் தேய்த்துப் பயனில்லை. நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தால், தண்ணீர் நிரம்பியதும் அது அவ்வளவாகத் தெரியாது.