நோகாத நெறியும் புதிய ஸ்கேனும்

"கழுத்துல நெறி கட்டியிருக்கு, மஞ்சளும் சுண்ணாம்பும் குழைச்சுப் போட்டா அமுங்கிடும்" என்ற பேச்சை நாம் லயத்தில் அடிக்கடி கேட்கிறோம். பெரும்பாலும் நெறி தானாகவே அமுங்கித்தான் விடுகிறது. அட்டை கடித்த இடத்தைச் சொறிந்து புண்ணாக்கினால் தொடையிடுக்கில் கட்டும். பிள்ளையின் தலையில் பேன் புண் இருந்தால் பிடரியில், சொத்தைப் பல்லுக்குத் தாடையின் கீழ். கிருமியோடு சண்டை போடும் நிணநீர்க் கணுக்கள்தான் இப்படி வீங்குகின்றன. புண் ஆறினால் இரண்டு மூன்று கிழமையில் வற்றிவிடும்.

நாம் பயப்பட வேண்டியது நோகாத நெறிக்குத்தான். ஒரு மாதமாகியும் வற்றாமல் பெருத்துக்கொண்டே போனால் காசநோயாக இருக்கலாம். வெற்றிலை, புகையிலை போடுகிறவர்களுக்கு வாய்ப் புற்றுநோய் கழுத்துக்கு இறங்கியதாகவும் இருக்கலாம். "நோவுதான் இல்லையே, ஒரு பேரு போயிடுமே" என்று நாம் நாளைக் கடத்துவதும் இந்த நெறிக்குத்தான்!

டாக்டர் நெறியை விரலால் உருட்டிப் பார்ப்பது ஏன்? மெத்தென்று இருக்கிறதா, கல் மாதிரி இருக்கிறதா என்று அறியத்தான். அதையே மெஷினால் செய்வதுதான் எலாஸ்டோகிராபி ஸ்கேன். 1991இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் ஜொனதன் ஓஃபிர் குழுவினர் இம்முறையை வெளியிட்டார்கள். ரொட்டி மாவுக்குள் ஒரு கல் கிடந்தால், அமுக்கும்போது மாவு நசுங்கும், கல் நசுங்காது. அந்த வித்தியாசத்தை மெஷின் நிறமாகக் காட்டும். எந்த நிறம் கடினம் என்பது மெஷினுக்கு மெஷின் மாறும். ஆகவே சிவப்பைக் கண்டு யாரும் அழ வேண்டாம். இன்னொரு வகையில், மெஷின் உண்டாக்கும் அதிர்வு கடினமான சதையில் வேகமாக ஓடுவதை அளக்கிறார்கள். கர்ப்பிணிகளுக்குச் செய்யும் ஸ்கேன் போலவே இதிலும் எக்ஸ்ரே கதிர் கிடையாது.

புற்று பரவிய நெறி அநேகமாகக் கடினமாயிருக்கும். ஆனால் பழைய காசநோய் நெறியும் இறுகிப்போகும். நிணநீர்ப் புற்று சிலவேளை மெத்தென்றே இருக்கும். அதனால் இந்த ஸ்கேனை மட்டும் வைத்து முடிவு சொல்வதில்லை. எந்த நெறியில் ஊசி வைக்கலாம் என்று தெரிந்துகொள்ள அது உதவும். மெல்லிய ஊசியால் கொஞ்சம் உறிஞ்சி எடுத்துச் சோதிப்பார்கள். இந்த மெஷின் எல்லா ஆஸ்பத்திரியிலும் இல்லை. சாதாரண ஸ்கேனும் ஊசிச் சோதனையும் செய்தாலே பெரும்பாலும் விசயம் தெரிந்துவிடும். "குத்தினா பரவும்" என்று ஊசிக்கு மறுப்பதுதான் பிழை.

காசநோய் நெறி என்றால் வழக்கமாக ஆறு மாத மாத்திரை. அரசாங்க மார்பு நோய் சிகிச்சை நிலையத்தில் இலவசம். மாத்திரை தொடங்கிய பிறகு நெறி சிலருக்கு இன்னும் வீங்கும். மருந்து பிடிக்கவில்லை என்று அப்போது மாத்திரையை நிறுத்திவிடாமல், டாக்டரிடம் மறுபடி காட்டுங்கள்.