சராசரியின் பகுதியில் இருப்பது என்ன?

ரயில்வேப் பொறியாளனாக இருந்து ஓய்வு பெற்றபின், காரோட்டில் எங்கள் இளைஞர்களின் கிரிக்கெட் அணிக்கு ஸ்கோர் புத்தகம் எழுதி வந்தேன். கணக்கில் தவற மாட்டேன் என்ற எண்ணம் எனக்குண்டு. அந்த எண்ணத்தாலேயே ஒரு பையனுக்கு அநியாயம் செய்துவிட்டேன். அதைச் சொல்லி, மட்டையாளர் கணக்கை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சராசரி என்பது எடுத்த ஓட்டங்களை, ஆட்டமிழந்த தடவைகளால் வகுத்து வருவது. இன்னிங்ஸ் எண்ணிக்கையால் வகுப்பதன்று. டான் பிராட்மன் டெஸ்ட் போட்டிகளில் 80 இன்னிங்ஸ் ஆடி 6996 ஓட்டங்கள் எடுத்தார். அவற்றுள் 10 தடவை ஆட்டமிழக்கவில்லை. எனவே 70-ஆல் வகுக்க, புகழ்பெற்ற 99.94 கிடைக்கிறது.

இம்முறையில் ஒரு வேடிக்கையும் உண்டு. 1953-இல் இங்கிலாந்து சென்ற ஆஸ்திரேலிய அணியின் பந்துவீச்சாளர் பில் ஜான்ஸ்டன், கடைசியில் ஆட வருபவர். 17 இன்னிங்ஸில் 16 தடவை ஆட்டமிழக்காமல் 102 ஓட்டங்கள் எடுத்தார். சராசரி 102! அந்தப் பயணத்தின் சராசரிப் பட்டியலில் அவரே முதல்வர்.

இது தெரிந்திருந்தும் நான் சறுக்கினேன். எங்கள் தொடக்க ஆட்டக்காரன் 8 இன்னிங்ஸில் 160 ஓட்டங்கள், எட்டு முறையும் ஆட்டமிழந்தான், சராசரி 20. ஏழாவதாக வருபவன் 8 இன்னிங்ஸில் 50 ஓட்டங்கள், இருமுறையே ஆட்டமிழந்தான், சராசரி 25. ஓரிடத்துக்கு இருவர் என்ற நிலையில், நான் கொடுத்த பட்டியலைப் பார்த்து முதலாமவனை விலக்கினார்கள்.

சராசரி பந்துகளையும் எண்ணுவதில்லை. லார்ட்ஸ் மைதானத்தில் 1975 உலகக் கோப்பையில் கவாஸ்கர் ஆட்டமிழக்காமல் 36. 1983 இறுதிப் போட்டியில் நம் ஸ்ரீகாந்த் 38. ஏறத்தாழ ஒரே ஓட்டம். ஆனால் முன்னவர் ஆடியது 174 பந்துகள், பின்னவர் 57. நூறு பந்துக்கு எத்தனை ஓட்டம் என்னும் ஸ்டிரைக் ரேட் முறையே 20.69, 66.67. 183 ஓட்டங்களே எடுத்து இந்தியா வென்ற அந்த இறுதிப் போட்டியில், இரு அணியிலும் சேர்த்து அதிக ஓட்டம் அந்த 38-தான்.

அமெரிக்கப் பேஸ்பாலில் பகுதி வேறு. அங்கே வெற்றிகரமான அடிகளை, மட்டை பிடித்த வாய்ப்புகளால் வகுக்கிறார்கள். 1941-இல் டெட் வில்லியம்ஸ் பெற்ற .406, பத்து வாய்ப்பில் ஏறக்குறைய நான்கு அடி. தவறான பந்துகள் நான்கால் இலவசமாகத் தளம் பெறுவது அதில் சேராது. அதைச் சேர்க்கத் தனி விகிதம் வைத்திருக்கிறார்கள்.

வண்டி நின்ற நேரத்தையும் சேர்த்து வகுத்தீர்களா என்று கேட்காமல், ரயில்வேயில் எந்தச் சராசரி வேகத்தையும் நான் ஏற்றதில்லை. மைதானத்தில் கேட்க மறந்தேன்.

மறு ஆண்டு பேருந்து நிறுத்தத்தில் அந்தப் பையன், "சாரே, 160 பெரிசா, 50 பெரிசா?" என்றான். பதில் சொல்ல என்னால் இயலவில்லை. அவன் பிறகு ஆட வரவில்லை.

இப்போது என் பட்டியலில் ஓட்டம், இன்னிங்ஸ், ஆட்டமிழந்தவை, பந்துகள் என நான்கு பத்திகள். சராசரி கடைசியில்தான். பிள்ளைகளை எண்ணால் அளக்கும் பெரியோர் எவரும், முதலில் பகுதியைப் பாருங்கள்.