மலை அறிவை மதிப்பெண்ணாக்குவோம்: கால்நடை மருத்துவப் படிப்புக்கு ஆயத்தம்

கல்வராயன் மலைப் பிள்ளைகளில் பலர் எழுத்துக்கூட்டி வாசிப்பதற்கு முன்பே ஆடு மேய்க்கக் கற்றுவிடுகிறார்கள். காட்டுப்பன்றி கிளறிய மண்ணையும் முயல் புழுக்கையையும் பார்த்த மாத்திரத்தில் அடையாளம் சொல்வார்கள். சினை ஆடு எப்போது ஈனும் என்று நாள் குறிப்பார்கள். வெள்ளிமலைப் பகுதியில் அறிவியல் கற்பிக்கும் எனக்கு, இவர்களில் சிலரேனும் கால்நடை மருத்துவர்களாகவும் வனவிலங்கு மருத்துவர்களாகவும் வரவேண்டும் என்பது நெடுநாள் விருப்பம்.

ஆனால் நம் மாநிலத்தின் சேர்க்கை விண்ணப்பத்தில் இந்த அனுபவத்தை எழுத இடமில்லை. அமெரிக்கக் கால்நடை மருத்துவக் கல்லூரிகள், விலங்குகளோடு எத்தனை மணி நேரம் பணியாற்றினீர்கள் என்று கேட்கின்றன. பரிந்துரைக் கடிதமும் கேட்கின்றன. இங்கே தரவரிசையைத் தீர்மானிப்பது பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண். எனவே மாணவரின் மலை அறிவை மதிப்பெண்ணாக மாற்ற உதவுவது வகுப்பறையின் பொறுப்பாகிறது.

சேர்க்கை விவரங்கள்

1989-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் இப்படிப்பை நடத்துகிறது. ஓராண்டு உள்ளிருப்புப் பயிற்சியையும் சேர்த்து ஐந்தரை ஆண்டுப் படிப்பு இது. சென்னை, நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு, தலைவாசல், உடுமலைப்பேட்டை, தேனி ஆகிய ஊர்களில் கல்லூரிகள் உள்ளன. நமக்கு அருகில் இருப்பது தலைவாசல். மேல்நிலை மாணவரை ஒருமுறை அங்கே அழைத்துச் சென்று காட்டலாம்.

"நீட் எழுதவில்லை, இனி டாக்டர் படிப்பே இல்லை" என்று பெற்றோர் நினைத்துவிடுகிறார்கள். அகில இந்திய ஒதுக்கீடான 15 விழுக்காட்டு இடங்களுக்கே நீட் மதிப்பெண் தேவை. மாநில ஒதுக்கீட்டு இடங்கள் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் அடிப்படையில் நிரப்பப்படுகின்றன. இதைப் பெற்றோர் கூட்டத்தில் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

2021-ஆம் ஆண்டுச் சட்டப்படி, 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தோருக்கு 7.5 விழுக்காடு முன்னுரிமை ஒதுக்கீடு உண்டு. பழங்குடியினர் நலத்துறையின் உண்டு உறைவிடப் பள்ளிகளும் இதில் அடங்கும். வசதி வந்ததும் ஒன்பதாம் வகுப்பில் பிள்ளையைத் தனியார் பள்ளிக்கு மாற்ற நினைக்கும் பெற்றோர், இந்த வாய்ப்பு கைநழுவும் என்பதை அறிந்து முடிவெடுக்கட்டும். நம் மலையாளி பழங்குடி மாணவர்கள் போட்டியிடும் பழங்குடியினர் ஒதுக்கீடு 1 விழுக்காடு மட்டுமே. ஆகவே ஒவ்வொரு மதிப்பெண்ணும் முக்கியம்.

பத்தாம் வகுப்பிலேயே தொடங்குக

மேல்நிலையில் இயற்பியல், வேதியியலோடு உயிரியல், அல்லது தாவரவியலும் விலங்கியலும் உள்ள பாடப்பிரிவை எடுத்திருக்க வேண்டும். பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கை நாளில், தோழி எடுத்த பிரிவையே தானும் எடுக்கும் மாணவிக்கு இந்தக் கதவு அன்றே மூடிவிடுகிறது. விலங்குகளிடம் ஈடுபாடுள்ள பிள்ளைகளைப் பத்தாம் வகுப்பு ஆசிரியர் முன்பே இனங்கண்டு பேசுவது நல்லது.

பாடத்தோடு இணைக்கும் வழி

செரித்தல் பாடம் நடத்தும்போது, ஆடு அசைபோடுவது ஏன் என்று கேட்டுத் தொடங்கலாம். மாணவர் சொல்லும் விடையிலிருந்து நான்கு அறை இரைப்பைக்கும், அங்கிருந்து மனித இரைப்பைக்கும் செல்லலாம். மரபியலில், மாட்டுக்கும் வெள்ளாட்டுக்கும் குரோமோசோம்கள் 60, செம்மறிக்கு 54, மனிதருக்கு 46 என்று ஒப்பிட்டால் எண்ணிக்கை மனத்தில் நிற்கும். சினைக்காலம் பசுவுக்குச் சுமார் 280 நாள், ஆட்டுக்குச் சுமார் 150 நாள் என்பதை அவர்கள் வீட்டுக் கணக்கோடு சரிபார்க்கச் சொல்லலாம்.

நோய்கள் பாடத்தில் இரு பத்தி அட்டவணை போடச் சொல்கிறேன். ஒரு பத்தியில் கோமாரி, அடைப்பான், வெறிநோய் என ஊர்ப் பெயர்கள், அடுத்ததில் நோய்க்காரணி. அடைப்பானால் இறந்த மாட்டை அறுக்கக்கூடாது என்பதற்குக் காரணம் என்ன? உடலைத் திறந்ததும் காற்றுப்பட்டு அந்தப் பாக்டீரியா வித்துகளை உண்டாக்குகிறது. அவை மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடிருக்கும். இதை ஒருமுறை விளங்கிக்கொண்ட மாணவர் தேர்விலும் எழுதுவார், ஊரிலும் எடுத்துச் சொல்வார்.

காட்டைப் பற்றி ஓர் எச்சரிக்கை

வனவிலங்கு ஆர்வம் என்பது விலங்கைப் பிடிப்பதோ வளர்ப்பதோ அன்று. வனவுயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன்படி உடும்பு முதல் பட்டியலில் உள்ள விலங்கு; அதைப் பிடிப்பது கடுங்குற்றம். அடிபட்ட விலங்கைக் கண்டால் தொடாமல் வனத்துறைக்குச் சொல்லப் பழக்குவோம். நாள், இடம், கால்தடம், எச்சம், நடத்தை ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதச் செய்வோம். உற்றுநோக்கிப் பதியும் இப்பழக்கம் மருத்துவருக்கு அடிப்படை.

சான்றிதழ்கள்

பழங்குடியினருக்கான சாதிச் சான்றிதழை வழங்குபவர் வருவாய்க் கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர். விசாரணைக்குக் காலம் பிடிக்கும் என்பதால் ஒன்பதாம் வகுப்பிலேயே விண்ணப்பிக்கச் செய்வது பாதுகாப்பு. பெயரும் முதலெழுத்தும் பிறந்த தேதியும் எல்லா ஆவணங்களிலும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். 6 முதல் 12 வரை படித்த பள்ளிகளின் சான்றுகளைக் கோப்பில் சேர்த்து வைக்கலாம். விண்ணப்பம் இணையவழியில் என்பதால், அவ்வாண்டுத் தகவல் கையேட்டை ஆசிரியர் துணையோடு வரிவரியாகப் படித்தபின் பதிவேற்றுவது நல்லது.

அனுபவம் பயன்படும் இடம்

கல்லூரிக்குள் நுழைந்தபின் மலை அனுபவத்துக்கு மதிப்புக் கூடும். விலங்கை அஞ்சாமல் அணுகும் கை, அதன் நோவைப் பார்வையால் உணரும் கண் ஆகியவற்றை நம் பிள்ளைகள் ஏற்கெனவே பெற்றிருக்கிறார்கள். 1903-இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் வனவுயிரின அறிவியலுக்குத் தனித்துறையே உள்ளது. வனத்துறையில் யானைகளுக்கு மருத்துவம் பார்த்தே வாழ்நாளைக் கழித்த டாக்டர் வி. கிருஷ்ணமூர்த்தியைப் பற்றி மாணவரிடம் சொல்லுங்கள். ஜெயமோகனின் 'யானை டாக்டர்' கதைக்கு மூலமானவர் அவர்தான். கதையை நூலகத்தில் எடுத்துத் தந்தால், ஒரு பிரிவேளை அறிவுரையைவிட அது அதிகம் செய்யும்.