மிளகுக் கொடியில் மஞ்சள் தேமல்

அக்குறணை, கலகெதர, குண்டசாலைப் பக்கத்து வீட்டுத் தோட்டங்களில் மிளகுக் கொடியின் இலை மஞ்சளானால் பலரும் உடனே உரம் போடுகிறார்கள். முதலில் எந்த இலை என்று பாருங்கள். முதிர்ந்த இலை முழுக்க ஒரே சீராக வெளிறினால் அநேகமாகத் தழைச்சத்துக் குறைவு. இளந்தளிரில் திட்டுத்திட்டாக மஞ்சள், சிறுத்துச் சுருண்ட இலை, கணுக்கள் நெருக்கம், குட்டைக் கதிர் என்றால் மஞ்சள் தேமல் என்ற வைரஸ் நோயாக இருக்கலாம். அதற்கு மருந்து கிடையாது, உரமும் காப்பாற்றாது.

நோயைப் பரப்புவது மாவுப்பூச்சி. இலையின் அடிப்பக்கத்திலும் கணுவிடுக்கிலும் வெள்ளைப் பஞ்சுபோல ஒட்டியிருக்கும். எறும்பு வரிசையாக ஏறுகிறதா? அங்கே தேடுங்கள், பூச்சி கழிக்கும் இனிப்பான தேன்கழிவுக்காக எறும்பே அதைக் காவல் காக்கும். கொஞ்சமாக இருந்தால் சவர்க்கார நீரில் நனைத்த துணியால் துடைக்கலாம். கூடினால் 1 லீட்டர் நீருக்கு 5 மில்லிலீட்டர் வேப்பெண்ணெய், சில துளி திரவச் சவர்க்காரம் கலந்து மாலையில் இலையடியில் படும்படி தெளியுங்கள்.

பூச்சியைவிட ஆபத்து, அயலவர் அன்பாகத் தரும் தண்டுத்துண்டு! தாய்க்கொடியைப் பார்க்காமல் வாங்காதீர்கள். நோய்க் கொடியை வேரோடு பிடுங்கி எரித்துவிட்டு, கத்தியைக் கழுவிய பிறகே அடுத்த கொடியைத் தொடுங்கள். சந்தேகமென்றால், பேராதனையில் தலைமையகம் உள்ள ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் விரிவாக்க அலுவலரிடம் இலையைக் காட்டலாம்.