தொழிலுக்கு ஒரு வொர்க்ஸ்டேஷன்: தேர்ந்தெடுப்பது எப்படி?

பாட்டு கேட்கவும், கடிதம் டைப் செய்யவும், இணையத்தில் உலாவவும் ஒரு கம்ப்யூட்டர் வேண்டும் என்றால், கடைக்காரர் காட்டும் எதை வாங்கினாலும் பெரிய நஷ்டம் இல்லை. ஆனால் கம்ப்யூட்டர்தான் உங்கள் தொழிலே என்றால் கதை வேறு. கட்டட வரைபடம் வரைபவர், திருமண வீடியோ எடிட் செய்பவர், முப்பரிமாணக் காட்சிகள் உருவாக்குபவர் ஆகியோருக்குக் கம்ப்யூட்டர் காக்க வைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் கூலி இல்லாத நேரம். பலர் கடன் வாங்கித்தான் இந்தக் கம்ப்யூட்டரை வாங்குகிறார்கள். தவறான இடத்தில் பணத்தைப் போட்டுவிட்டால், தவணை முடியும் வரை அதே மெதுவான வேலைதான்.

இந்தக் கட்டுரை எந்த மாடலை வாங்குவது என்று சொல்லப் போவதில்லை. மாடல்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். எதைப் பார்த்து முடிவு செய்வது என்ற முறை மாறாது. அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

வொர்க்ஸ்டேஷன் என்றால் என்ன?

1980களில் வொர்க்ஸ்டேஷன் என்பது பெர்சனல் கம்ப்யூட்டரிலிருந்து முற்றிலும் வேறான சாதனம். 1981ல் அப்போலோ நிறுவனமும், அடுத்த ஆண்டு சன் நிறுவனமும் பொறியாளர்களுக்கென்றே இவற்றைத் தயாரித்தன. பிறகு சிலிக்கான் கிராபிக்ஸ் நிறுவனத்தின் வொர்க்ஸ்டேஷன்களில்தான் 1993ல் வெளிவந்த ஜுராசிக் பார்க் படத்தின் கம்ப்யூட்டர் டைனோசர்கள் உருவாயின. 1995ல் இன்டெல்லின் பென்டியம் புரோ வந்து, அதனுடன் விண்டோஸ் என்.டி.யும் சேர்ந்தபின் இந்த இடைவெளி குறையத் தொடங்கியது.

இன்று இரண்டிலும் ஒரே வகை ப்ராசசர்தான். தொழில்முறை வொர்க்ஸ்டேஷனில் கூடுதலாக இருப்பவை இவை: பிழை திருத்தும் மெமரி, அதிக மெமரி வழிகள், பல கார்டுகளைச் செருக வசதி, குறிப்பிட்ட சாப்ட்வேர்களுடன் சோதித்துச் சான்று பெற்ற கிராபிக்ஸ் டிரைவர், மணிக்கணக்காக முழு வேகத்தில் ஓடினாலும் தாங்கும் குளிர்விப்பு. இவை எல்லாம் எல்லாருக்கும் தேவையில்லை. உங்களுக்கு எது தேவை என்பதை உங்கள் வேலைதான் சொல்ல வேண்டும்.

முதலில் பழைய கம்ப்யூட்டரைக் கவனியுங்கள்

புதிய கம்ப்யூட்டரைத் தேர்ந்தெடுக்க மிகச் சிறந்த கருவி, உங்களிடம் இப்போது உள்ள கம்ப்யூட்டர்தான். கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று கீகளையும் சேர்த்து அழுத்தினால் விண்டோஸில் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பிரிவுக்குச் செல்லுங்கள். அதைத் திறந்து வைத்தபடியே வழக்கமான வேலையைச் செய்யுங்கள். கம்ப்யூட்டர் உங்களைக் காக்க வைக்கும் நேரத்தில் மட்டும் இந்த அளவுகளைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

1. சி.பி.யு. 100 சதவீதத்தைத் தொட்டு நிற்கிறதா? அதிகக் கோர்கள் உள்ள ப்ராசசர் உதவும்.

2. சாப்ட்வேர் உறைந்து நிற்கிறது, ஆனால் சி.பி.யு. 6 முதல் 10 சதவீதம்தான் காட்டுகிறதா? உங்கள் ப்ராசசரில் 16 த்ரெட்கள் இருந்தால், ஒன்று மட்டும் முழுமூச்சாக ஓடுகிறது, மற்றவை சும்மா இருக்கின்றன என்று பொருள். இங்கே கோர்களைக் கூட்டிப் பயனில்லை. ஒவ்வொரு கோரும் வேகமாக இருக்கும் ப்ராசசர்தான் வேண்டும்.

3. மெமரி 90 சதவீதத்தைத் தாண்டி, டிஸ்க்கும் ஓயாமல் ஓடுகிறதா? ராம் போதவில்லை.

4. மெமரி மீதம் இருந்தும் டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தில் நிற்கிறதா? டிஸ்க்கை மாற்ற வேண்டும்.

5. கிராபிக்ஸ் கார்டின் மெமரி நிரம்பி விட்டதா? அந்தக் கார்டுதான் முட்டுக்கட்டை.

ஒரு வாரம் இப்படிக் குறித்தால் விடை தெரிந்துவிடும். பல நேரங்களில் புதிய கம்ப்யூட்டரே தேவைப்படாது. இரண்டு ராம் ஸ்டிக்குகளோ ஒரு எஸ்.எஸ்.டி.யோ போதும் என்பது தெரியவரும்.

கோர்கள் கூடினால் வேகம் கூடுமா?

கூடும், ஒரு எல்லை வரை. 1967ல் ஜீன் அம்டால் என்ற கம்ப்யூட்டர் வல்லுநர் விளக்கிய கணக்கு இது. 100 நிமிட வேலை ஒன்றில் 90 நிமிடப் பகுதியைப் பல கோர்களுக்குப் பிரித்துக் கொடுக்கலாம், 10 நிமிடப் பகுதியை ஒரு கோர்தான் செய்தாக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 4 கோர்கள் இருந்தால் 32.5 நிமிடத்தில் முடியும். 8 கோர்களில் சுமார் 21 நிமிடம். 16 கோர்களில் 15.6 நிமிடம். 32 கோர்களில் 12.8 நிமிடம். 16லிருந்து 32க்குச் செல்லப் பெரும் பணம் செலவிட்டுப் பெறுவது மூன்று நிமிடம் கூட இல்லை. ஆயிரம் கோர்கள் போட்டாலும் 10 நிமிடத்துக்குக் கீழே வராது.

ஆகவே உங்கள் சாப்ட்வேர் வேலையை எந்த அளவுக்குப் பிரித்துக் கொடுக்கிறது என்பதே கேள்வி.

ஒரே பட்ஜெட், மூன்று கம்ப்யூட்டர்கள்

மூன்று தொழில்களை எடுத்துக்கொள்வோம். மூவரிடமும் ஒரே அளவு பணம் இருக்கிறது. ஆனால் வாங்க வேண்டியவை வேறு வேறு.

வரைபடம் வரைபவர்: ஆட்டோகேட் சாப்ட்வேரின் பெரும்பாலான கட்டளைகள் ஒரே கோரில்தான் ஓடுகின்றன. எனவே 6 அல்லது 8 கோர்கள் போதும். ஒவ்வொரு கோரின் வேகமும் அதிகமாக இருக்க வேண்டும். இரு பரிமாண வரைபடத்துக்கு நடுத்தர கிராபிக்ஸ் கார்டு போதும். சாலிட்வொர்க்ஸ் போன்ற சாப்ட்வேர் பயன்படுத்தினால், அந்த நிறுவனம் சோதித்து வெளியிட்டுள்ள கார்டுகளின் பட்டியலைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். மிச்சமாகும் பணத்தில் நல்ல மானிட்டர் வாங்கினால் கண்களுக்கு நல்லது.

வீடியோ எடிட் செய்பவர்: 4கே வீடியோவின் ஒரு ஃபிரேமில் 3840 × 2160, அதாவது சுமார் 83 லட்சம் புள்ளிகள் உள்ளன. புள்ளிக்கு 4 பைட் என்றால் ஒரு ஃபிரேம் 33 எம்.பி. நொடிக்கு 25 ஃபிரேம் என்றால் நொடிக்கு 800 எம்.பி.க்கு மேல் கையாள வேண்டும். மூன்று கேமராக் காட்சிகளை ஒன்றாக ஓட்டினால் இது மூன்று மடங்கு. கேமரா இதைச் சுருக்கித்தான் பதிவு செய்கிறது. எடிட் செய்யும்போது அதை மீண்டும் விரிப்பதே பெரும் சுமை.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. புதிய கேமராக்கள் பல, எச்.265 வகையில் 4:2:2 10 பிட் என்ற முறையில் பதிவு செய்கின்றன. இதை விரிக்கும் தனிப் பகுதி எல்லா கிராபிக்ஸ் சிப்களிலும் இல்லை. இன்டெல்லின் டெஸ்க்டாப் ப்ராசசர்களில் 2021ல் வந்த 11ஆம் தலைமுறை முதல், உள்ளிணைந்த கிராபிக்ஸில் இந்த வசதி உண்டு. என்விடியா கார்டுகளில் 2025ல் வந்த 50 வரிசையில்தான் வந்தது. மாடல் எண்ணின் முடிவில் எஃப் என்ற எழுத்து உள்ள இன்டெல் ப்ராசசர்களில் உள்ளிணைந்த கிராபிக்ஸ் வேலை செய்யாது. சற்று விலை குறைவு என்று அதை வாங்கினால் இந்த வசதியை இழப்பீர்கள்.

வாங்குவதற்கு முன் ஒரு சோதனை: எடிட்டிங் சாப்ட்வேரில் ப்ராக்ஸி என்ற வசதி இருக்கும். காட்சிகளைச் சிறிய ஃபைல்களாக மாற்றி எடிட் செய்துவிட்டு, கடைசியில் மூல ஃபைல்களிலிருந்தே வெளியீடு எடுக்கலாம். இதிலேயே திணறல் நின்றுவிட்டால் உங்கள் பணம் மிச்சம்.

முப்பரிமாண ரெண்டரிங் செய்பவர்: பிளெண்டரின் சைக்கிள்ஸ் போன்ற ரெண்டரர்கள் வேலையை மிக நன்றாகப் பிரித்துக் கொடுக்கும். கிராபிக்ஸ் கார்டில் ஓட்டினால் இன்னும் வேகம். ஆனால் காட்சி முழுவதும் அந்தக் கார்டின் மெமரிக்குள் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் வேகம் சரியும், அல்லது ரெண்டர் பாதியில் நின்றுவிடும். ஆகவே வேகத்தைப் பார்க்கும் முன் கார்டின் மெமரி அளவைப் பாருங்கள். 16 ஜிபி கார்டுகள் இரண்டைப் போட்டால் வேகம் கூடும். ஆனால் இரு கார்டுகளும் ஒரே காட்சியைத் தனித்தனியே வைத்துக்கொள்வதால் 16ம் 16ம் சேர்ந்து 32 ஆகிவிடாது.

ராம்: அளவும் நம்பகமும்

சாதாரண டெஸ்க்டாப் ப்ராசசர்களுக்கு இரண்டு மெமரி வழிகள் உண்டு. ஒரே ஸ்டிக் போட்டால் ஒரு வழி சும்மா கிடக்கும். டி.டி.ஆர்.5 5600 மெமரியில் ஒரு வழியில் நொடிக்கு 44.8 ஜிபி, இரு வழிகளில் 89.6 ஜிபி செல்லும். எனவே 64 ஜிபி வேண்டும் என்றால் 32 ஜிபி ஸ்டிக்குகள் இரண்டு வாங்குங்கள். 16 ஜிபி ஸ்டிக்குகள் நான்கு போடுவது மலிவாகத் தெரியலாம். ஆனால் டி.டி.ஆர்.5 போர்டுகளில் நான்கு இடங்களையும் நிரப்பினால் வேகம் குறையும். ரைசன் 7000 வரிசைக்கு ஏ.எம்.டி. தரும் அளவு, இரண்டு ஸ்டிக்குகளில் 5200, நான்கில் 3600.

அடுத்தது நம்பகம். மெமரியில் 0 என்பது தானாகவே 1 ஆக மாறுவது அரிது, ஆனால் நடக்கக்கூடியது. 5 என்ற எண் 0101 என்று பதிவாகியிருக்க, முதல் பிட் மாறினால் அது 1101, அதாவது 13 ஆகிவிடும். திரைப்படத்தில் ஒரு புள்ளியின் நிறம் மாறினால் யாருக்கும் தெரியாது. கட்டடக் கணக்கில் ஒரு எண் மாறினால்? கூகுள் நிறுவனத்தின் சர்வர்களை வைத்துச் செய்து 2009ல் வெளியான ஆய்வில், ஓராண்டில் 8 சதவீதத்துக்கும் அதிகமான மெமரி ஸ்டிக்குகளில் பிழை காணப்பட்டது.

இ.சி.சி. மெமரி ஒரு பிட் பிழையைத் தானே திருத்திவிடும், இரண்டு பிட் பிழையைக் கண்டுபிடித்துச் சொல்லும். சாதாரண டி.டி.ஆர்.5 சிப்களுக்குள் உள்ள பிழைத் திருத்தம் இதற்கு ஈடாகாது. இ.சி.சி. வேண்டும் என்றால் ப்ராசசர், மதர்போர்டு இரண்டும் அதை ஏற்க வேண்டும். ரைசனில் மதர்போர்டு நிறுவனம் அனுமதித்திருக்க வேண்டும். இன்டெல்லின் 12ஆம் தலைமுறை முதல் 14ஆம் தலைமுறை வரையிலான கோர் வரிசைக்கு டபிள்யூ680 சிப்செட் உள்ள போர்டு வேண்டும். பொறியியல் கணக்கீடுகள், நாட்கணக்கில் ஓடும் வேலைகள் உள்ளவர்கள் இந்தச் செலவைத் தவிர்க்க வேண்டாம். இன்னொன்று: விண்டோஸ் 11 ஹோம் பதிப்பு 128 ஜிபி ராம் வரைதான் ஏற்கும். அதற்கு மேல் என்றால் புரோ பதிப்பு வேண்டும்.

டிஸ்க்: ஒன்று போதாது

கேமரா நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிவு செய்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. மூன்று கேமராக்கள் ஐந்து மணி நேரம் ஓடினால் 675 ஜிபி. ஒரே ஒரு திருமணத்துக்கு இவ்வளவு. எனவே விண்டோஸுக்கும் சாப்ட்வேருக்கும் ஒரு எஸ்.எஸ்.டி., நடப்பு வேலைக்குத் தனியாக ஒரு பெரிய என்.வி.எம்.இ. எஸ்.எஸ்.டி., முடிந்த வேலைகளைச் சேமிக்க ஹார்ட் டிஸ்க் என்று பிரித்துக்கொள்ளுங்கள். சாட்டா எஸ்.எஸ்.டி. நொடிக்குச் சுமார் 550 எம்.பி. தரும். நான்காம் தலைமுறை என்.வி.எம்.இ. 7000 எம்.பி. வரை தரும்.

பேக்கப்புக்கான ஹார்ட் டிஸ்க்கின் விலையையும் முதலிலேயே பட்ஜெட்டில் சேருங்கள். ரெய்டு முறையில் இரண்டு டிஸ்க் போட்டிருப்பது பேக்கப் ஆகாது. தவறுதலாக அழித்த ஃபைல் இரண்டிலும் சேர்ந்தே அழியும். தாலி கட்டும் காட்சியை மறுபடி எடுக்க முடியாது.

மின்சாரமும் வெப்பமும்

முழு வேகத்தில் ப்ராசசர் 230 வாட், கிராபிக்ஸ் கார்டு 300 வாட், மற்றவை 70 வாட் என்றால் மொத்தம் 600 வாட். இதற்கு 850 வாட் எஸ்.எம்.பி.எஸ். போடுவது நல்லது. கேபினட்டுடன் இலவசமாக வருவதை நம்பாதீர்கள். யு.பி.எஸ். வாங்கும்போது வி.ஏ. எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம். 600 வி.ஏ. யு.பி.எஸ். பெரும்பாலும் 360 வாட்தான் தரும். மின்சாரம் போன அந்த நொடியே அதுவும் விழுந்துவிடும், இரவெல்லாம் ஓடிய ரெண்டரும் போய்விடும். வாட் அளவைக் கேட்டு வாங்குங்கள்.

கூலர் ப்ராசசரை அறையின் வெப்பத்தைவிடக் குளிர்ச்சியாக்காது. 22 டிகிரி ஏ.சி. அறையில் 77 டிகிரியில் ஓடும் ப்ராசசர், மே மாதம் 38 டிகிரி அறையில் 93ஐ நெருங்கும். சுமார் 95 முதல் 100 டிகிரியில் ப்ராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். கூடுதல் பணம் கொடுத்து வாங்கிய வேகம் அங்கே வீணாகும். காற்றோட்டமுள்ள கேபினட்டும் பெரிய கூலரும் அலங்காரம் அல்ல.

கடைக்குப் போகும்போது

உங்கள் சொந்த வேலை ஃபைல் ஒன்றை, இருப்பதிலேயே கனமானதாகப் பார்த்து, எடுத்துச் செல்லுங்கள். பழைய கம்ப்யூட்டரில் அது எடுத்த நேரத்தைக் குறித்து வைத்திருங்கள். முடிந்தால் கடையிலுள்ள கம்ப்யூட்டரில் அதே ஃபைலை அரை மணி நேரமாவது ஓட்டிப் பாருங்கள். முதல் இரண்டு நிமிட வேகம் எல்லாக் கம்ப்யூட்டரிலும் அழகாகத்தான் இருக்கும்.

கடைக்காரரிடம் இவற்றைக் கேளுங்கள்: மெமரி இடங்கள் எத்தனை காலியாக இருக்கும்? இரண்டாவது என்.வி.எம்.இ.க்கு இடம் உண்டா? எஸ்.எம்.பி.எஸ். எந்த நிறுவனம், எத்தனை வாட்? பழுதானால் ஆள் வந்து பார்ப்பாரா, கடைக்குத் தூக்கி வர வேண்டுமா? தொழிலுக்குப் பயன்படும் கம்ப்யூட்டர் பத்து நாள் சர்வீஸ் சென்டரில் கிடந்தால் அதுவும் உங்கள் செலவுதான்.

பணம் போதவில்லை என்றால் நல்ல மதர்போர்டு, நல்ல எஸ்.எம்.பி.எஸ்., பெரிய ஸ்டிக்குகளாக ராம், பேக்கப் டிஸ்க் ஆகியவற்றை முதலில் வாங்குங்கள். கிராபிக்ஸ் கார்டைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம். இன்று மாலையே டாஸ்க் மேனேஜரைத் திறந்து குறிப்பெடுக்கத் தொடங்குங்கள். அந்தத் தாளுடன் கடைக்குச் சென்றால், என்ன வாங்குவது என்பதை நீங்களே சொல்வீர்கள்.